வளர்ச்சித் தட்டைக் கடந்து கம்பி செலுத்தினால் நாய்க்குட்டியின் கால் குட்டையாகிவிடுமா?

வெண்புறா கேட்டது:

வணக்கம். ஐந்து மாதம் நிறைவடையாத எங்கள் நாய்க்குட்டி உயரத்திலிருந்து தவறி விழுந்ததில், அதன் இடது பின்னங்காலின் தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. பெரிதாக வளரக்கூடிய இனம் என்பதால் அது இன்னும் பல மாதங்கள் வளர வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், முறிவு வளர்ச்சித் தட்டின் வழியாகச் சென்று, ஓரத்தில் எலும்பின் முக்கோணத் துண்டு ஒன்றையும் பெயர்த்திருக்கிறது என்றும், சால்ட்டர்–ஹாரிஸ் வகைப்பாட்டில் இது இரண்டாம் வகை என்றும் விளக்கினார். இரண்டு வழவழப்பான கம்பிகளைச் செலுத்தி எலும்பை நிலைநிறுத்த வேண்டும், அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும் என்பது அவருடைய முடிவு.

அந்தக் கம்பிகள் வளர்ச்சித் தட்டைத் துளைத்துக்கொண்டுதான் மேலே செல்லும் என்று அவரே வரைந்து காட்டினார். எலும்பு எந்த இடத்திலிருந்து நீள வேண்டுமோ அந்த இடத்திலேயே துளையிட்டால் கால் குட்டையாகவோ கோணலாகவோ போய்விடாதா என்ற அச்சம் எங்களை விட்டு அகலவில்லை. வளர்ச்சி முடியும்வரை மாவுக்கட்டு போட்டு வைத்துவிட்டு, பிறகு தேவையானால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று சிலர் கூறுகிறார்கள். வளர்ச்சி பாதிக்கப்படுவது முறிவினாலா, அறுவை சிகிச்சையினாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால், தெளிவான மனத்துடன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவோம்.

என்புநூல் எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். எலும்பு அறுவை சிகிச்சையே என் அன்றாடப் பணி. உங்கள் மருத்துவர் கூறியதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. காத்திருக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு விளக்குகிறேன்.

முழங்காலுக்கு மேலுள்ள முறிவை மாவுக்கட்டால் அடக்க முடியாது. ஒரு முறிவை வெளியிலிருந்து அசையாமல் நிறுத்த வேண்டுமானால் அதற்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நாயின் இடுப்பு மூட்டைச் சுற்றி அவ்வாறு இறுக்கமாகக் கட்ட இயலாது. கட்டு கீழே நழுவி, முறிவு இருக்கும் இடத்திலேயே நெம்புகோலாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. குட்டியின் முழங்காலை நீட்டிய நிலையில் சில வாரங்கள் கட்டி வைத்தால், தொடையின் முன்பக்கத் தசை முறிவு கூடும் இடத்தில் உருவாகும் புது எலும்போடு ஒட்டிக்கொண்டு நார்போல் இறுகிவிடும். பிறகு முழங்கால் மடங்கவே மடங்காது. வளர்ச்சித் தட்டு முழுவதும் நன்றாக இருந்தும், இந்த ஒரே காரணத்தால் காலை இழந்த குட்டிகள் உண்டு. நீளம் சற்றுக் குறைந்த கால் நடக்கும். மடங்காத கால் நடக்காது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். வளர்ச்சித் தட்டு என்பது எலும்பின் முனைக்கும் தண்டுக்கும் இடையே கிடக்கும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு. அதற்குள்ளும் தனித்தனி அடுக்குகள் உள்ளன. மூட்டை ஒட்டிய பக்கத்தில் மூலச் செல்கள் தங்கியிருக்கின்றன. அவற்றை அடுத்துள்ள செல்கள் பிரிந்து பெருகி, வரிசை வரிசையாகத் தூண்கள்போல் அடுக்கப்படுகின்றன. அதற்கும் அப்பால் உள்ளவை பிரிவதை நிறுத்திவிட்டுப் பல மடங்கு உப்புகின்றன. எலும்பு நீளும் நீளத்தில் பெரும்பங்கு இந்த உப்பலால் கிடைப்பதே. கடைசி அடுக்கில் சுண்ணாம்புச் சத்து படிய, தண்டின் பக்கத்திலிருந்து இரத்தக் குழாய்கள் நுழைந்து அதை எலும்பாக மாற்றுகின்றன. உப்பிய செல்கள் உள்ள அடுக்கில் செல்களுக்கு இடைப்பட்ட பொருள் குறைவு என்பதால் அதுவே தட்டின் பலவீனமான பகுதி. முதல் வகை, இரண்டாம் வகை முறிவுகள் பெரும்பாலும் அந்த அடுக்கின் வழியாகவே ஓடுகின்றன. அப்போது மூலச் செல்கள் எலும்பு முனையோடு சேர்ந்து, தமக்கான இரத்த ஓட்டத்தோடு தப்பித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ராபர்ட் சால்ட்டரும் ராபர்ட் ஹாரிஸும் 1963ஆம் ஆண்டு குழந்தைகளின் முறிவுகளை ஐந்து வகைகளாகப் பிரித்தபோது, எண் கூடக் கூட வளர்ச்சிக்கு வரும் ஆபத்தும் கூடும் என்ற பொதுப்போக்கு அதில் அமைந்திருந்தது. ஐந்தாம் வகை என்பது தட்டு நசுங்குவது. மூலச் செல்களே அழிவதால் அதுவே மிகக் கொடியது.

ஆனால் நாயின் தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு சிக்கல் இருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அங்கே வளர்ச்சித் தட்டு சமதளமாக இல்லை. தண்டின் பக்கத்தில் முளைகள்போல் நான்கு புடைப்புகளும், எலும்பு முனையில் அவற்றை ஏற்கும் குழிகளும் உள்ளன. சரியாகப் பொருத்தினால் முறிவு தானாகவே நிலைகொள்ள இந்த அமைப்பு உதவுகிறது என்பது உண்மை. அதே சமயம், விழுந்த வேகத்தில் எலும்பு முனை பின்னோக்கி வழுக்கும்போது, அந்தப் புடைப்புகள் குழிகளின் சுவரை உரசிச் செல்கின்றன. முறிவு எக்ஸ்ரேயில் இரண்டாம் வகையாகத் தெரிந்தாலும், அந்த உரசலில் மூலச் செல்களின் ஒரு பகுதி அந்த நொடியிலேயே சிதைந்திருக்கலாம். ஆகவே இந்த இடத்தில் முறிந்த குட்டிகளில், எவ்வளவு கவனமாக அறுவை சிகிச்சை செய்தாலும், தட்டு உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வது அரிதன்று. தொடை எலும்பின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தக் கீழ்த்தட்டிலிருந்து வருவதால், கால் ஓரளவு குட்டையாகக்கூடும். அதற்கு முதன்மைக் காரணம் விழுந்த அடிதான். கம்பி அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.

கம்பிக்குப் பங்கே இல்லை என்றும் கூற மாட்டேன். அந்தப் பங்கு அறுவை மருத்துவரின் கையில் இருக்கிறது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. வழவழப்பான கம்பி தட்டைக் கடந்து சென்றாலும், எலும்பு முனை அந்தக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு வளர முடியும். மரை உள்ள திருகு அப்படியல்ல. அது இரு பக்கத்தையும் கவ்விப் பிடித்துவிடும். பட்டையைத் தட்டின் இருபுறமும் திருகி இறுக்கினாலும் அதே விளைவுதான். கம்பி தட்டுக்கு எவ்வளவு செங்குத்தாகச் செல்கிறதோ, அது சேதப்படுத்தும் பரப்பும் அவ்வளவு குறையும். ஓர் உதாரணக் கணக்கு: தட்டை ஒரு பக்கம் 25 மில்லிமீட்டர் உள்ள சதுரமாக எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு 625 சதுர மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பி எடுத்துக்கொள்வது சுமார் 3.1 சதுர மில்லிமீட்டர். இரண்டு கம்பிகளும் சேர்ந்தாலும் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம் அளவே ஆகும். சாய்வாகச் செலுத்தினால் அது சற்றுக் கூடும். ஆனால் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப இழுத்து வேறு வேறு இடத்தில் குத்தினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். துளையிடும் வேகத்தால் உண்டாகும் சூடும் செல்களைக் கொல்லும் என்பதால், மெதுவாகச் சுழற்றுவதும், உப்புநீர் விட்டுக் குளிர்விப்பதும் அவசியம்.

என் மாணவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது கம்பியைப் பற்றியே அன்று. விலகிய எலும்பு முனையை இடத்துக்குக் கொண்டுவரும்போது, எலும்பு நெம்பியைத் தட்டின் பரப்பில் ஊன்றி நெம்பக் கூடாது. அந்த ஒரு நெம்பலில் இரண்டு கம்பிகள் செய்யாத சேதம் நேர்ந்துவிடும். முழங்காலை மடக்கி நீட்டி, தசையின் இழுவையைத் தளர்த்தி, பொறுமையாகப் பொருத்த வேண்டும். தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள மெல்லிய வளையத் திசுவையும் சுரண்டக் கூடாது. நாட்கள் தள்ளிப்போகப் போகத் தசை சுருங்கி, புது எலும்பும் உருவாகி, பொருத்துவதற்குக் கூடுதல் பலம் தேவைப்படும். உங்கள் மருத்துவர் அவசரப்படுத்துவதன் காரணம் இதுதான்.

நுண்ணோக்கி எழுதியது:

மேலே உள்ள விளக்கத்துக்குத் துணையாக, இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். நான் எலும்புத் திசுவை ஆராயும் துறையில் இருக்கிறேன்.

எலும்பு முனைகளில்தான் நீள்கிறது என்பதை 1727ஆம் ஆண்டிலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் காட்டிவிட்டார். வளரும் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகள் இட்டு, இரண்டு மாதங்களுக்குப் பிறகு பார்த்தார். எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே இருந்த தூரம் அப்படியே அரை அங்குலமாக இருந்தது. தண்டின் நடுப்பகுதியில் செய்யப்படும் அறுவை சிகிச்சை நீள வளர்ச்சியைக் கெடுக்காமல் இருப்பதற்கும், முனையருகே செய்வது கெடுக்கக்கூடும் என்பதற்கும் அடிப்படை அந்த எளிய சோதனையில் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், தண்டின் நடுவே முறிந்த எலும்பு, அங்கு பெருகும் இரத்த ஓட்டத்தின் தூண்டுதலால், சில சமயம் மறுகாலைவிடச் சற்றுக் கூடுதலாகவே நீண்டுவிடுகிறது.

இரத்த ஓட்டத்தைப் பற்றி 1960ஆம் ஆண்டில் ட்ரூயெட்டாவும் அவருடன் பணியாற்றியவரும் முயல்களில் செய்த ஆய்வுகள் இங்கே மிகவும் பொருந்தும். தண்டின் பக்கத்து இரத்தக் குழாய்களைத் தடுத்தபோது, உப்பிய செல்கள் எலும்பாக மாற முடியாமல் தட்டு தடித்தது. குழாய்கள் மீண்டும் நுழைந்ததும் அந்தத் தேக்கம் நீங்கி வளர்ச்சி தொடர்ந்தது. எலும்பு முனையின் பக்கத்துக் குழாய்களைத் தடுத்தபோது மூலச் செல்களே மடிந்தன, அது திரும்பவில்லை. எனவே கத்தி எந்தப் பக்கத்தில் செல்கிறது என்பது, எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைவிட முக்கியம்.

துளையின் அளவைப் பற்றியும் முயல்களில் சோதனைகள் உள்ளன. தொடை எலும்பின் கீழ்த்தட்டில், பரப்பில் சுமார் மூன்று சதவீதத்தை அழித்த துளை நிலையான குறைபாட்டை உண்டாக்கவில்லை. சுமார் ஏழு சதவீதத்தை அழித்த பெரிய துளை எலும்பைக் குட்டையாக்கியது. முயலில் கிடைத்த எண்ணை நாய்க்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மேலே கணக்கிடப்பட்ட ஒரு சதவீதத்தை இந்த எல்லையோடு வைத்துப் பார்த்தால் அச்சம் குறையும் என்று நம்புகிறேன்.

துளையின் இடமும் ஒரு பொருட்டே. சேதமடைந்த இடத்தில் முனையையும் தண்டையும் இணைக்கும் எலும்புப் பாலம் ஒன்று உருவானால், அது தட்டின் நடுவில் இருக்கும்போது கால் பெரும்பாலும் நேராகவே குட்டையாகும். விளிம்பில் இருந்தாலோ, அந்தப் பக்கம் நின்றுவிட, எதிர்ப்பக்கம் தொடர்ந்து வளர்ந்து எலும்பை வளைத்துவிடும். மருத்துவர்கள் குட்டையான காலைவிட வளைந்த காலைக் கண்டுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள், ஏனெனில் வளைவு மூட்டின் மேல் விழும் பாரத்தையே மாற்றிவிடுகிறது.

வெண்புறா எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டுவிட்டோம். இன்னொரு ஐயம். குட்டி விழும்போது முன்னங்கால்களை ஊன்றித்தான் விழுந்தது. வலது முன்னங்காலின் மணிக்கட்டில் இலேசான வீக்கம் இருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. இருந்தாலும், "அந்தக் காலையும் மறக்காமல் கவனியுங்கள்" என்று மருத்துவர் இரண்டு முறை கூறினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதபோது எதைக் கவனிப்பது?

முன்னங்கால் எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். வளைந்துபோன முன்னங்காலுடன் என்னிடம் கொண்டுவரப்படும் குட்டிகளில் பல, "அப்போது எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற வரலாற்றோடுதான் வருகின்றன.

நாயின் முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நீண்டாக வேண்டும். அல்னாவின் நீளத்தில் சுமார் 85 சதவீதம் மணிக்கட்டின் அருகிலுள்ள கீழ்த்தட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு நாயில் கூம்பு வடிவம் கொண்டது. மற்ற தட்டுகளில் பக்கவாட்டில் விழும் அடி ஒரு பகுதியை வழுக்கச் செய்து முறிவாக வெளிப்படும். கூம்புக்குள் கூம்பு பொருந்தியிருப்பதால் இங்கே வழுக்க இடமில்லை. எந்தத் திசையிலிருந்து அடி விழுந்தாலும் அது தட்டின் ஏதோ ஒரு பக்கத்தை நசுக்குவதாகவே முடிகிறது. நசுங்கிய குருத்தெலும்பு அன்றைய எக்ஸ்ரேயில் தெரியாது. சில வாரங்கள் கழித்து, தட்டு இருந்த கருங்கோடு மறைந்து வெண்மையாகும்போதுதான் தெரியவரும்.

அல்னா நின்றுவிட்டு ரேடியஸ் மட்டும் வளர்ந்தால், குட்டையான அல்னா வில்லின் நாணைப்போல் இழுக்க, ரேடியஸ் முன்னோக்கி வளைகிறது. பாதம் வெளிப்புறமாகத் திரும்புகிறது. குட்டியை நேராக நிற்க வைத்து, முன்பக்கத்திலிருந்து இரு பாதங்களின் நடுவிரல்களும் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்; வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவைவிடக் கெடுதலானது முழங்கையில் நடப்பது. குட்டையான அல்னா முழங்கை மூட்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பொருத்தத்தைக் குலைக்கிறது. அங்கே தேய்மானம் தொடங்கிவிட்டால், காலைப் பிறகு நேராக்கினாலும் வலி மிஞ்சும். ஆகவே மணிக்கட்டை மட்டும் எக்ஸ்ரே எடுத்து நிறுத்திவிடக் கூடாது. முழங்கையும் படத்தில் இருக்க வேண்டும்.

வளர்ச்சி மீதம் இருக்கும்போதே கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய உண்டு. அல்னாவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் குட்டியின் உடலிலிருந்தே எடுத்த கொழுப்பை வைத்து, எலும்பு மீண்டும் கூடிவிடாமல் தடுக்கிறோம். நாண் அறுபட்டதும் ரேடியஸ் தன் போக்கில் நீள்கிறது. வளைவு சிறிதாக இருந்தால் பெருமளவு தானே நிமிர்கிறது. வளரும் குட்டியில் எலும்பு கூடும் வேகம் மிகுதி என்பதால், இடைவெளி போதுமான அகலமாக இல்லாவிட்டாலும், எலும்புறையை முழுவதும் நீக்காவிட்டாலும் மீண்டும் கூடிவிடும். அப்போது இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும். வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால் எலும்பை வெட்டி நேராக்கிப் பட்டை வைப்பதோ, வெளிச்சட்டம் பொருத்தி மெல்ல நீட்டுவதோதான் வழி. அது குட்டிக்கும் உங்களுக்கும் பெரிய சுமை.

ஒரு விஷயத்தில் மட்டும் என்புநூல் அவர்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். அறுவை சிகிச்சைக்கும் ஒரு குறிக்கோளுக்காக வளர்ச்சியை நிறுத்தும் பயன் உண்டு என்பதைக் கேட்பவருக்குச் சொல்லியிருக்கலாம். மனிதக் குழந்தைகளில் நீண்ட காலின் வளர்ச்சித் தட்டை மூடி இரு கால்களையும் சமப்படுத்தும் முறையை ஃபெமிஸ்டர் 1933ஆம் ஆண்டிலும், தட்டின் குறுக்கே கவ்விகள் அடித்துத் தற்காலிகமாக நிறுத்தும் முறையை பிளவுண்ட்டும் கிளார்க்கும் 1949ஆம் ஆண்டிலும் விவரித்தார்கள். இடுப்பு மூட்டு தளர்ந்திருக்கும் நாய்க்குட்டிகளில், 12 முதல் 16 வார வயதுக்குள், இடுப்பெலும்பின் அடிப்பகுதி இணைப்பிலுள்ள குருத்தெலும்பை மின்சூட்டால் சுட்டு மூடிவிடுகிறோம். அந்த இடம் வளராமல் நிற்க, மற்ற பகுதிகள் வளர்ந்து, மூட்டுக் கிண்ணம் தொடை எலும்பின் தலையை நன்றாக மூடும்படி சுழல்கிறது. சுமார் 20 வாரம் கடந்துவிட்டால் மீதமுள்ள வளர்ச்சி போதாமல் பயன் கிட்டுவதில்லை. தட்டுக்கு அருகில் கத்தி வைப்பது எல்லாமே கெடுதல் என்று எண்ண வேண்டியதில்லை. வயது, இடம், மீதமுள்ள வளர்ச்சி ஆகியவற்றை அறிந்து வைப்பதும் அறியாமல் வைப்பதும் வேறு வேறு.

குளம்படி எழுதியது:

குதிரைகளையும் மாடுகளையும் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று.

கோணலான கால்களுடன் பிறக்கும் குதிரைக் குட்டிகளில், வேகமாக வளரும் பக்கத்தில் தட்டின் குறுக்கே ஒரு திருகைச் செலுத்தி நிறுத்திவைக்கிறோம். மறுபக்கம் வளர்ந்து வந்து கால் நேராகிறது. நேரானவுடன் திருகை எடுத்துவிட வேண்டும். சில வாரம் தாமதித்தால் கால் எதிர்ப்பக்கம் கோணலாகிவிடும். இங்கே காலக்கணக்குத்தான் எல்லாம். குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டின் தட்டு மூன்று மாதத்துக்குள் பெரும்பாலான வேலையை முடித்துவிடுவதால், அங்கே இரண்டு மாதத்துக்குள் திருத்தியாக வேண்டும். முன்னங்கால் முட்டியின் மேலுள்ள தட்டு நெடுநாள் வளர்வதால் கூடுதல் அவகாசம் உண்டு. வளர்ச்சி குன்றிய பக்கத்தில் எலும்புறையை வெட்டித் தூக்கிவிட்டு வளர்ச்சியைத் தூண்டும் முறையும் நெடுங்காலம் பரவலாக இருந்தது. ஓய்வும் குளம்புத் திருத்தமும் அளித்தாலே பல கால்கள் நேராகிவிடுகின்றன என்பதால் அதன் பயனை இன்று பலர் ஐயுறுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

கன்று ஈனும்போது முன்னங்கால்களில் சங்கிலி கட்டிப் பலமாக இழுத்தால், கணு மூட்டுக்கு மேலுள்ள தட்டு முறிவதுண்டு. அந்த இடத்தை மாவுக்கட்டாலேயே அடக்க முடியும் என்பதால் கம்பிக்குத் தேவை ஏற்படுவது குறைவு. கட்டா, கம்பியா என்பதை எலும்பின் இடமே தீர்மானிக்கிறது. நாயின் தொடைக்குச் சொன்னதைக் கன்றின் கணுவுக்கும், கன்றின் கணுவுக்குச் சொன்னதை நாயின் தொடைக்கும் மாற்றிப் பொருத்தினால் இரண்டும் கெடும்.

என்புநூல் எழுதியது:

முன்னங்காலைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அந்தக் காலை நான் கூட இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கேள்வி கேட்டவருக்காக, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கவனிக்க வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

முழங்காலை அசைக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையைத் தாங்கி, மறு கையால் கணுக்காலைப் பிடித்து, வலி தெரியும் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தி மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். குட்டி திரும்பிப் பார்த்தாலோ உதட்டை நக்கினாலோ அதுவே எல்லை. ஓடவும் குதிக்கவும் விடக் கூடாது. கயிற்றில் பிடித்து மெதுவாக நடக்க விடலாம்.

இரண்டு மூன்று வார இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு தொடைகளையும் எடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஒப்பிட மறுகால் இல்லாமல் ஒரு தட்டு சீக்கிரம் மூடுகிறதா என்று தீர்மானிப்பது கடினம். முறிவின் பிறகு வளர்ச்சி சில நாள் தயங்கி மீண்டும் தொடங்கும்போது, தண்டின் பக்கத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று எக்ஸ்ரேயில் தங்கிவிடுவதுண்டு. அந்தக் கோடு தட்டுக்கு இணையாக இருந்து, அடுத்தடுத்த படங்களில் தட்டிலிருந்து விலகிக்கொண்டே போனால், தட்டு முழுவதும் சீராக வளர்கிறது என்று பொருள். ஒரு பக்கம் விலகி, மறுபக்கம் ஒட்டியே நின்றால் அங்கே எலும்புப் பாலம் இருக்கிறது என்று ஐயுற வேண்டும். இதைப் படத்தில் காட்டும்படி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கம்பிகளை எடுப்பதில் மருத்துவர்களிடையே இருவேறு கருத்து உண்டு. எலும்பு கூடியதும், பெரும்பாலும் நான்கு வாரம் அளவில், எடுத்துவிடுவது என் வழக்கம். வழவழப்பான கம்பி வளர்ச்சியைத் தடுப்பதில்லை, எடுப்பதற்காக மீண்டும் மயக்க மருந்து கொடுப்பதற்குப் பதில் கம்பி நகர்ந்து தோலை உறுத்தினால் மட்டும் எடுக்கலாம் என்று கூறுவோரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கீழ்க்கால் எலும்பின் முன்புடைப்பு பெயர்ந்து, அதைக் கம்பியோடு இழுவைக் கட்டும் போட்டு நிறுத்தியிருந்தால், அதை விட்டுவைப்பது தவறு. கட்டு அந்தப் புடைப்பை வளரவிடாது.

கால் குட்டையாவதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. ஓரளவு குட்டையாகலாம். நான்கு காலில் நடக்கும் விலங்கு முழங்காலையும் கணுக்காலையும் இயல்பைவிடச் சற்று நீட்டி வைத்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடும்; உங்கள் குட்டியின் வயதில் வேகமான வளர்ச்சியின் ஒரு பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்பதும் ஆறுதலான செய்தி. வளைவு தோன்றினால் மட்டும் தாமதிக்காமல் திரும்பி வாருங்கள்.

எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று கால்சியம் மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய இனக் குட்டிகளால் உணவிலிருந்து சேரும் கால்சியத்தின் அளவைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. மிகையாகக் கொடுப்பது குருத்தெலும்பு எலும்பாக மாறும் நடப்பையே குலைத்து, நல்ல கால்களையும் கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று சமநிலையோடு தயாரிக்கப்பட்ட உணவே போதும். கருத்தடை அறுவை சிகிச்சையையும் இப்போது சேர்த்துச் செய்துவிடலாமா என்று யோசித்திருந்தால், அதைத் தள்ளிவைப்பது நல்லது. பருவமடையும் முன் கருத்தடை செய்தால் வளர்ச்சித் தட்டுகள் தாமதமாக மூடும். ஒரு காலின் தட்டு முன்கூட்டியே மூடி, மறுகால் வழக்கத்தைவிட நெடுநாள் வளர்ந்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூடத்தான் செய்யும். எப்போது செய்யலாம் என்பதை, இரு தொடைகளின் தட்டுகளும் மூடிவிட்டதைக் காட்டும் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு பேசி முடிவெடுங்கள்.